ரோமானிய வெள்ளிக் காசுகளில் அரசிகளும் தேவியரும்: என்னிடம் உள்ள காசு எந்த ஃபாஸ்டினா?

நொய்யல்கரை
எல்லோருக்கும் வணக்கம். இதுவரை கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளும் சோழர் செப்புக் காசுகளும்தான் சேர்த்து வந்தேன். ஜெர்மனியில் இருக்கும் என் மாமா அங்கே ஓர் ஏலத்தில் எடுத்த ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றை ரசீதோடு கொடுத்திருக்கிறார். எடை 3.2 கிராம், குறுக்களவு 18 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது.

முன்புறத்தில் வலப்பக்கம் பார்க்கும் ஒரு பெண்ணின் முகம். தலைமுடியைப் பின்னிச் சுற்றி உச்சந்தலையில் கொண்டையாக வைத்திருக்கிறாள். இடப்பக்கம் 'திவா', வலப்பக்கம் 'ஃபாஸ்டினா' என்று லத்தீன் எழுத்துகள். பின்புறத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கையில் நெற்கதிர் போல ஏதோ, இன்னொரு கையில் ஆள் உயரத்துக்குத் தீவட்டி. சுற்றிலும் 'அவுகுஸ்டா' என்ற ஒரே சொல்.

தேடிப் பார்த்ததில் ஃபாஸ்டினா என்ற பெயரில் இரண்டு அரசிகள் இருக்கிறார்கள். இது யார்? எந்த ஆண்டுக் காசு? நம்பலாமா?

அக்கசாலை
நல்ல காசு தம்பி. இவர் மூத்த ஃபாஸ்டினா, பேரரசர் அன்டோனினஸ் பயஸின் மனைவி. கொண்டையைப் பார்த்தாலே தெரியும். அம்மா உச்சந்தலையில் கொண்டை வைப்பார். மகளான இளைய ஃபாஸ்டினா அலை அலையாக வாரிப் பின்கழுத்துக்கு மேலே கொண்டை போடுவார். எழுத்து தேய்ந்துபோன காசில்கூட இந்த ஒன்றை வைத்து இருவரையும் பிரித்துவிடலாம்.

'திவா' என்றால் தெய்வமானவர். மூத்த ஃபாஸ்டினா 140-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இறந்தார். செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. கணவர் 161-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், அவர் பெயரில் காசு அடித்துக்கொண்டே இருந்தார்கள். உங்களுடையது அந்தக் காலத்தது. அவர் உயிரோடு இருந்தபோது வந்த காசுகளில் 'திவா' இருக்காது. அவை எண்ணிக்கையில் மிகவும் குறைவு. ரோமானிய அரசிகளில் செத்த பிறகு இவ்வளவு காசு கண்டவர் வேறு யாரும் இல்லை.

ஆண்டு கேட்டீர்கள். பேரரசர்களின் காசு என்றால் சுலபம். எத்தனையாவது முறை கான்சல் என்ற உயர் பதவி, எத்தனையாவது ஆண்டு மக்கள் தீர்ப்பாயர் அதிகாரம் என்றெல்லாம் காசின் ஓரத்திலேயே வரிசையாக எழுதியிருக்கும். அதைக் கூட்டிக் கழித்தால் பல காசுகளுக்கு ஆண்டே கிடைத்துவிடும். பெண்களுக்கு அந்தப் பதவி எதுவும் கிடையாது. அதனால் அவர்கள் காசில் ஆண்டும் கிடையாது. பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள், தலைமுடி எப்படி இருக்கிறது, பின்னால் எந்தத் தேவி நிற்கிறாள் என்பவற்றை வைத்துத்தான் காலத்தைப் பிடிக்க வேண்டும்.

இளைய ஃபாஸ்டினாவில் இது அழகாக வேலை செய்யும். 'பயஸின் மகள் ஃபாஸ்டினா அவுகுஸ்டாவுக்கு' என்று அப்பா பெயரோடு இருந்தால் 161-க்கு முன். வெறும் 'ஃபாஸ்டினா அவுகுஸ்டா' என்றால் பெரும்பாலும் கணவர் மார்கஸ் ஆரேலியஸ் அரியணையில் இருந்த காலம். 'திவா' சேர்ந்தால் அவர் இறந்த 175-க்குப் பிறகு.

காசின் விளிம்பைச் சுற்றி நாலு படம் எடுத்துப் போடுங்கள். முகத்தை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்வது சரியாக வராது.

தணிகை
அக்கசாலை அண்ணா, ஒரு சந்தேகம். பின்புறத்தில் நிற்பது யார்? கதிரும் தீவட்டியும் இருந்தால் பயிர்த் தேவி செரெஸ் என்று படித்திருக்கிறேன். ஆனால் எழுதியிருப்பது 'அவுகுஸ்டா', அதாவது அரசியின் பட்டம். அரசியா, தேவியா?

அக்கசாலை
இரண்டும்தான் தணிகை. அதற்காகத்தான் அப்படி அடித்தார்கள். செரெஸ் என்று பெயர் போட்டே அடித்த காசுகளும் இவருக்கு உண்டு. இந்தக் காசில் தேவியின் உருவத்துக்கு அரசியின் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். இறந்துபோன ராணி இப்போது விளைச்சலைப் பார்த்துக்கொள்கிறாள் என்று காசை வாங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டும். செரெஸின் தீவட்டிக்கு ஒரு கதை உண்டு. பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட தன் மகளை அவள் இரவெல்லாம் தீவட்டி பிடித்துத் தேடினாள் என்பார்கள். தாய் என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் ரோமில் இல்லை.

இதே அரசிக்கு வேறு பின்புறங்களும் உண்டு. ஒன்றில் மயில். தேவர்களின் அரசியான ஜூனோவின் பறவை அது. இறந்த பேரரசரைக் கழுகு வானத்துக்குத் தூக்கிப் போகும், அரசியை மயில் தூக்கிப் போகும் என்பது வழக்கம். நல்ல நிலையில் உள்ள காசில் தோகையின் கண்களைக்கூட லென்ஸ் வைத்து எண்ணலாம். இன்னொன்றில் ஆறு தூண் வைத்த கோயில். ரோமின் நடுச் சதுக்கமான ஃபோரத்தில் அவருக்காகக் கட்டியது. பிறகு கணவரையும் அதே கோயிலில் சேர்த்தார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது, உள்ளே தேவாலயம் இருக்கிறது. கையில் 18 மில்லிமீட்டரில் இருப்பதை அங்கே போய் அண்ணாந்து பார்க்கலாம்.

சரி, இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். அரசியின் காசை வெறும் அழகுக்காகச் சேர்க்காதீர்கள். பின்புறத்தில் இருக்கும் தேவியையும் அந்த ஆண்டில் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரண்மனை அவளிடம் அப்போது என்ன எதிர்பார்த்தது என்பது காசில் பச்சையாக எழுதியிருக்கும்.

இளைய ஃபாஸ்டினாவையே எடுத்துக்கொள்வோம். 147-இல் முதல் குழந்தை பிறந்தது. மறுநாளே 'அவுகுஸ்டா' பட்டம் கிடைத்தது. கணவர் மார்கஸுக்கு அப்போது அந்தப் பட்டம் இல்லை! பிள்ளை பெற்றதற்குத்தான் பட்டம். அதற்குப் பிறகு வந்த காசுகளில் ஜூனோ லூசினா, அதாவது பிரசவத்தைக் காக்கும் ஜூனோ. ஃபெகுண்டிட்டாஸ், அதாவது மக்கட்பேறு, இடுப்பில் ஒன்று, காலடியில் இரண்டு என்று குழந்தைகளோடு நிற்கிறாள். 161 ஆகஸ்டில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்ததும் 'காலத்தின் இன்பம்' என்ற எழுத்தோடு ஒரு காசு வந்தது. துணி விரித்த ஒரு சிம்மாசனம், அதில் இரண்டு குழந்தைகள். அவ்வளவுதான் படம். அரசியல் செய்தி இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது: வாரிசு வந்துவிட்டது, இனிப் பயமில்லை.

அந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று நான்கு வயதில் இறந்தது. மற்றது பின்னாளில் பேரரசரான கொம்மோடஸ். இந்தத் தாய் பதின்மூன்று பிள்ளைகளுக்குக் குறையாமல் பெற்றார். பாதிக்கு மேல் சின்ன வயதிலேயே போய்விட்டன. இறந்த குழந்தைகளுக்குக் காசில் இடம் இல்லை. ஃபெகுண்டிட்டாஸ் காசை எடுக்கும்போதெல்லாம் அதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

மலர்க்கொடி
அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். எல்லாமே அரண்மனையின் கணக்கு என்று சொல்லிவிட்டால் அந்தக் காசைக் கையில் வாங்கிய சாதாரண மக்கள் எங்கே போனார்கள்?

ஓஸ்டியா துறைமுக நகரில் கிடைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் திருமணமாகும் புதுத் தம்பதிகள் அன்டோனினஸ், ஃபாஸ்டினா இருவரின் ஒற்றுமையைப் போற்றி அங்கே வைத்த பலிபீடத்தில் வழிபட வேண்டும் என்று ஊர்மன்றம் முடிவு செய்தது. ரோமிலும் அதே வழக்கம் வந்தது. மார்கஸ், இளைய ஃபாஸ்டினா இருவருக்கும் வீனஸ்–ரோமா கோயிலில் வெள்ளிச் சிலை வைத்து, மணமக்கள் வந்து பலி கொடுக்க ஒரு பீடமும் அமைத்ததாக வரலாற்றாசிரியர் டியோ எழுதியிருக்கிறார். 'கொன்கோர்டியா', அதாவது ஒற்றுமை, என்று கைகோத்து நிற்கும் காசைப் பார்த்த பெண்ணுக்கு அது தன் கல்யாண நாளின் தெய்வம்.

அப்புறம் 'ஃபாஸ்டினாவின் சிறுமிகள்' காசை விட்டுவிட்டீர்களே! மனைவி இறந்ததும் அவர் பெயரில் ஏழைச் சிறுமிகளை வளர்க்க அன்டோனினஸ் ஓர் அறக்கொடை ஏற்படுத்தினார். அதைச் சொல்லும் காசு அபூர்வமானது, ஆனால் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பணம் உண்மைதானே. மரியாதையும் அரசியலும் ஒரே காசில் இருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றது பொய் என்று ஆகாது.

அக்கசாலை
மலர்க்கொடி சொல்வது நியாயம். அன்டோனினஸ் தம்பதியின் விஷயத்தில் அன்பும் இருந்தது, மக்களிடம் மதிப்பும் இருந்தது. மறுக்கவில்லை. ஆனால் அந்த இருவரை வைத்து மற்றவர்களை எடைபோடக் கூடாது.

அக்ரிப்பினாவைப் பாருங்கள். 54-இல் மகன் நீரோ அரியணை ஏறியதும் வந்த வெள்ளியிலும் பொன்னிலும் தாயும் மகனும் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். முகங்களைச் சுற்றி முன்புறத்தில் இருப்பது தாயின் பெயர். மகனின் பெயரும் பட்டங்களும் பின்புறத்தில். உலகத்தை ஆள்பவன் தன் காசிலேயே பின்பக்கம். அடுத்த ஆண்டு இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், நீரோ முன்னால், தாய் அவனுக்குப் பின்னால் ஓரமாகத் தெரிகிறாள். எழுத்தும் இடம் மாறிவிட்டது: மகன் முன்புறம், தாய் பின்புறம். அதற்கடுத்து தாய் ரோமின் காசிலேயே இல்லை. 59-இல் மகனே ஆள் வைத்துக் கொன்றான். மூன்று காசுகளை வரிசையாக வைத்தால் ஒரு பெண்ணின் அதிகாரம் கைநழுவிப் போவது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது பிளாட்டில்லா. என்னை மிகவும் பாதித்த காசுகள் இவருடையவை. அப்பா பிளாட்டியானஸ் பேரரசரின் மெய்காவல் படைத் தலைவர், செப்டிமியஸ் செவரஸுக்கு அடுத்த அதிகாரம் அவரிடம்தான். 202-இல் மகளைச் செவரஸின் மூத்த மகனும் இணைப் பேரரசனுமான கரகல்லாவுக்குக் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு அப்போது பதினாலு வயது. ஐம்பது அரச குமாரிகளுக்குப் போதுமான சீர் கொண்டுவந்தாள் என்கிறார் டியோ. ஆனால் கரகல்லாவுக்கு மனைவியையும் பிடிக்கவில்லை, மாமனாரையும் பிடிக்கவில்லை.

இப்போது காசைப் பாருங்கள். ஒன்றில் 'என்றும் நிலைக்கும் ஒற்றுமை'. கணவனும் மனைவியும் வலக்கை பற்றி நிற்கிறார்கள். இன்னொன்றிலும் அதே கைப்பிடி, எழுத்து மட்டும் 'பேரரசின் வம்ச விருத்தி'. 205-இல் அப்பாவைக் கொன்றார்கள். அவளை லிப்பாரி தீவுக்கு அனுப்பினார்கள். செவரஸ் 211-இல் இறந்து கரகல்லா முழு அதிகாரத்துக்கு வந்ததும் அவளையும் கொன்றுவிட்டார்கள். ஆக, அவள் காசு எல்லாமே 202-க்கும் 205-க்கும் இடைப்பட்டவை. கல்யாணத்தில் சிறுமி போல இருக்கும் முகம், முடியை முலாம்பழக் கீற்றுகள் போல வரிவரியாகச் சீவியிருக்கும். இந்தக் காசு இன்றும் ஏலங்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. வாங்குங்கள், ஆனால் அந்தக் கைப்பிடியை யார் செதுக்கச் சொன்னார்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

கொம்மோடஸின் மனைவி கிரிஸ்பினாவுக்கும் இதே கதை. 'பிறப்பளிக்கும் தெய்வங்களுக்கு' என்று எழுதி ஒரு பலிபீடம் மட்டும் வைத்த காசு இருக்கிறது. அவருக்குக் குழந்தை பிறந்ததாகப் பதிவே இல்லை. காப்ரி தீவுக்கு நாடு கடத்தி, அங்கேயே முடித்தார்கள்.

அமராவதி
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் கரூர்ப் பக்கம். இங்கே ஒருவர் இளைய ஃபாஸ்டினா வெள்ளிக் காசு ஒன்றை அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லி விற்கப் பார்க்கிறார். கரூரில் ரோமானியக் காசு கிடைப்பது ஊரறிந்த விஷயம்தான். வாங்கலாமா?

கொங்குக்காசு
வாங்காதீர்கள். இரண்டு காரணம்.

முதல் காரணம் சரித்திரம். தமிழ்நாட்டில், அதிலும் கொங்கு மண்டலத்தில், கிடைத்த ரோமானிய வெள்ளிக் குவியல்களில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள். கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-இல் நூற்றுக்கணக்கில் எடுத்த குவியலும் அப்படித்தான். 64-ஆம் ஆண்டு வாக்கில் நீரோ, டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்கு முன் ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு, அதற்குப் பின் 96. நம் வணிகர்கள் காசை உலோகமாகத்தான் எடை போட்டு வாங்கினார்கள். தரம் குறைந்த காசை அவர்கள் விரும்பவில்லை. ஃபாஸ்டினா காலத்து வெள்ளி இங்கே மண்ணிலிருந்து வருவது மிக மிக அரிது. கரூரில் அதிகமாகக் கிடைப்பது நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின் சின்னச் செப்புக் காசுகள். ஆகவே 'ஆற்றில் கிடைத்த ஃபாஸ்டினா' என்றாலே சந்தேகப்பட வேண்டும். ஐரோப்பாவில் வாங்கியதாகவோ வார்ப்புப் போலியாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது சட்டம். நிஜமாகவே மண்ணில் கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அவர் சொல்வது பொய் என்றால் காசே போலியாக இருக்கலாம், உண்மை என்றால் விற்க அவருக்கு உரிமை இல்லை. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு நஷ்டம்.

யாழ்மணி
திபேரியஸ் பேச்சு வந்தபடியால் கேட்கிறன். கொங்குநாட்டில் நிறையக் கிடைக்கிற அந்தத் திபேரியஸ் வெள்ளியில் பின்பக்கம் ஒரு பெண் கதிரையில் இருக்கிறாள். ஒரு கையில் செங்கோல், மற்றதில் மரக்கிளை. அது அவருடைய தாய் லிவியா என்று சிலர் எழுதியிருக்கினம். உண்மையோ?

அக்கசாலை
நல்ல கேள்வி யாழ்மணி. காசில் லிவியாவின் பெயர் எங்கும் இல்லை. சுற்றியிருப்பது திபேரியஸின் 'தலைமைப் பூசாரி' பட்டம் மட்டும்தான். உருவம் சமாதான தேவி பாக்ஸ், அதில் லிவியாவின் சாயல் என்பது பலருடைய கருத்து. வெறும் தேவிதான் என்று வாதிடுவோரும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், பெயர் போடாமல் விட்டதே திட்டம் என்று நினைக்கிறேன். திபேரியஸுக்குத் தாயை அளவுக்கு மீறிப் புகழ்வது பிடிக்காது. லிவியா 29-இல் இறந்தபோது அவரைத் தெய்வமாக்க விடவில்லை. அதைச் செய்தது பேரன் கிளாடியஸ், 42-இல். உயிருள்ள பெண்ணைப் பெயரோடு ரோமின் வெள்ளியில் போட அந்த வீட்டில் அப்போது துணிச்சல் வரவில்லை. தேவி மாதிரி உட்கார வைத்துவிட்டார்கள், பார்ப்பவர் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் அந்தக் காசு இருந்தால் கதிரையின் கால்களைப் பாருங்கள். சிலவற்றில் நேராக இருக்கும், சிலவற்றில் கடைசல் வேலைப்பாடு இருக்கும். காலடியில் பலகை உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. இப்படிச் சின்ன வித்தியாசங்களை வைத்துத்தான் அந்த ஒரே மாதிரிக் காசுகளைக் கால வரிசைப்படுத்துகிறார்கள். விவிலியத்தில் இயேசு 'இதில் யாருடைய உருவம்' என்று கேட்டுக் காட்டிய வரிக்காசு இதுதான் என்று சொல்லப்படுவதால் விலை மட்டும் ஏறிவிட்டது. உண்மையில் இது அபூர்வக் காசு இல்லை.

மலர்க்கொடி
பாதிக்கப்பட்ட பெண்களாக மட்டும் எல்லோரையும் பார்க்கிறோம். ஜூலியா டோம்னாவுக்கு வராமல் இந்த இழை முடியக் கூடாது.

சிரியாவின் எமெசா ஊர், இன்றைய ஹோம்ஸ். சூரியக் கோயில் பூசாரியின் மகள். 187-இல் செவரஸை மணந்தார், அவர் 193-இல் பேரரசர் ஆனார். இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் காசில் தொடர்ந்து இருந்தவர். எத்தனை தேவியர் தெரியுமா! அடுப்பு நெருப்பைக் காக்கும் வெஸ்டா, மயிலோடு ஜூனோ, பிறை கழுத்தில் அணிந்து தீவட்டி ஏந்திய டயானா, சிங்கங்களுக்கு நடுவே தாய்த்தெய்வம் சிபெலே. முதல் காசுகளில் ஒன்றில் வெற்றி வீனஸ் நமக்கு முதுகு காட்டித் தூணில் சாய்ந்து நிற்கிறாள், சேலை இடுப்புக்குக் கீழே நழுவியிருக்கிறது, கையில் ஆப்பிள். அழகிப் போட்டியில் வென்ற ஆப்பிள் அது. என்னிடம் இருப்பதில் முதுகெலும்பின் கோடுகூடத் தெரிகிறது. அந்த அச்சைச் செதுக்கியவர் பெரிய கலைஞர்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐசிஸ் காசு. எகிப்தியத் தேவி ஐசிஸ், குழந்தை ஹோரஸை மார்போடு அணைத்திருக்கிறாள். ஒரு கால் கப்பலின் முகப்பில், பின்னால் பலிபீடத்தில் சாய்த்து வைத்த சுக்கான். கடலையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பவள். கிழக்கிலிருந்து வந்த அரசியின் காசில் கிழக்கின் தாய்த்தெய்வம். இதில் அவருக்குப் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. கரகல்லா போர்முனையில் இருந்தபோது மனுக்களையும் கடிதங்களையும் பார்த்தது தாய்தான் என்று டியோவே சொல்கிறாரே.

காலம் பிடிப்பதும் சுலபம். 'ஜூலியா டோம்னா அவுகுஸ்டா' என்று முழுப் பெயர் இருந்தால் 193–196. 'ஜூலியா அவுகுஸ்டா' என்றால் கணவர் இறந்த 211 வரை. 'ஜூலியா பியா ஃபெலிக்ஸ்' என்றால் அதற்குப் பிறகு.

அக்கசாலை
அந்தக் கடைசிப் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பக்தியும் பாக்கியமும் உள்ளவள் என்று அர்த்தம். 211 டிசம்பரில் கரகல்லா சமாதானம் பேசலாம் என்று தாயை வைத்தே தம்பி கேட்டாவை வரவழைத்து, தாயின் மடியிலேயே கொல்ல வைத்தான். அவர் அழக்கூட முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பின் ஐந்தாறு ஆண்டுகள் 'பாக்கியவதி' என்றே காசு வந்தது. சில காசுகளில் 'அவுகுஸ்டஸ்களின் தாய், செனட்டின் தாய், நாட்டின் தாய்' என்ற நீண்ட பட்டமும் உண்டு. 217-இல் கரகல்லாவும் கொல்லப்பட்டதும் அந்தியோக்கியாவில் உயிரை விட்டார். பங்கு இருந்தது மலர்க்கொடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையும் அதே காசில்தான் இருக்கிறது.

215-இல் கரகல்லா கொண்டுவந்த பெரிய வெள்ளியையும் பாருங்கள். நாம் அதை அன்டோனினியானஸ் என்கிறோம். இரண்டு டெனாரியஸ் மதிப்பு என்று சொல்லி ஒன்றரை டெனாரியஸ் எடைக்கு அடித்தது. அதில் பேரரசர் தலையில் சூரியக் கதிர் முடி, அரசியின் மார்புக்குக் கீழே பிறைநிலா. அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த வகைக் காசில் அரசிகள் அந்தப் பிறையில்தான் அமர்ந்திருப்பார்கள். 248-இல் ரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு ஒடாசிலியா அரசியின் காசில் பின்புறத்தில் நீர்யானை வந்ததும் இந்த வகையில்தான்.

தணிகை
போலி கண்டுபிடிப்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள். நொய்யல்கரை விளிம்புப் படம் போட்டிருக்கிறார், பார்த்தீர்களா?

கொங்குக்காசு
பார்த்தேன். விளிம்பில் சிறு வெடிப்புகள் இரண்டு இருக்கின்றன. சூடாக்கிய வெள்ளி வில்லையைச் சுத்தியலால் அடிக்கும்போது ஓரம் பிளக்கும். அது நல்ல அறிகுறி. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடு தெரியும், அல்லது அதை அராவி எடுத்த தடம் தெரியும். பரப்பில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். உங்கள் காசில் எழுத்தைச் சுற்றி உலோகம் வெளிநோக்கி ஓடிய கோடுகள் தெரிகின்றன. அடித்த காசுதான்.

இன்னொன்று, செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய காசுகள். அவை அந்தக் காலத்திலேயே செய்த கள்ளக் காசுகள். தகடு கிழிந்த இடத்தில் செம்பு பச்சையாகத் தெரியும், எடையும் குறையும். 3.2 கிராம் அன்டோனினஸ் காலத்துக்குச் சரியான எடை. செவரஸ் காலத்தில் வெள்ளி பாதி அளவுக்கு வந்துவிட்டது, அதனால் டோம்னா காசு மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

முக்கியமாக, சுத்தம் செய்கிறேன் என்று விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் முகத்தின் நுணுக்கம் எல்லாம் போய்விடும். காலப்போக்கில் படிந்த சாம்பல் நிறம் அப்படியே இருக்கட்டும். பிவிசி கவரில் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுப்பு இறங்கும். அமிலம் இல்லாத காகித உறை போதும்.

நொய்யல்கரை
எல்லோருக்கும் மிக்க நன்றி. ரசீதையும் காசையும் ஒன்றாகவே வைக்கப் போகிறேன். அரசிகள் காசை மட்டும் ஒரு வரிசையாகச் சேர்க்க ஆசை வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

மலர்க்கொடி
மூத்த ஃபாஸ்டினா கையில் இருக்கிறார். மகளையும் ஜூலியா டோம்னாவையும் சேருங்கள், இவை மூன்றும் விலை குறைவு. ஏன் இவ்வளவு கிடைக்கின்றன என்று கேட்டால், பல்கேரியாவில் ரெக்கா தெவ்னியா என்ற ஊரில் 1929-இல் ஒரு குவியல் கிடைத்தது. பதிவு செய்தவையே 80,000-க்கு மேல், பெரும்பாலும் டெனாரியஸ். எந்த அரசியின் எந்த வகை அதிகம், எது அரிது என்று இன்றும் அந்தக் குவியலை வைத்து மதிப்பிடுகிறார்கள். அந்த ஊரின் ரோமானியப் பெயர் மார்சியானோபோலிஸ். டிராஜன் தன் அக்கா மார்சியானாவின் பெயரை வைத்த ஊர். மார்சியானாவின் சொந்தக் காசோ மிக அரிது, அதை இப்போது தேடாதீர்கள்.

அக்கசாலை
என் யோசனை: தேவியை வைத்து வரிசை போடுங்கள். ஒரே வெஸ்டா, ஹேட்ரியனின் மனைவி சபினா, இரண்டு ஃபாஸ்டினாக்கள், டோம்னா, பேரரசர் செவரஸ் அலெக்சாண்டரின் தாய் ஜூலியா மாமையா என்று ஐந்து பேருக்கும் வருகிறாள். அவர்களை அருகருகே வைத்தால் நூறாண்டுகளில் வெள்ளி எப்படி மங்கியது, செதுக்கும் கை எப்படி மாறியது, முடி எப்படி மாறியது எல்லாம் ஒரே தட்டில் தெரியும். அரசிகளுக்கு வெளியே ஒன்றே ஒன்று சேர்க்க வேண்டுமென்றால் கிமு 46-இல் காரிசியஸ் என்ற நாணய அதிகாரி அடித்ததை எடுங்கள். முன்னால் ஜூனோ மொனேட்டா தேவி, ரோமின் அக்கசாலை அவள் கோயிலை ஒட்டித்தான் இருந்தது. பின்னால் இடுக்கி, பட்டடை, சுத்தியல். உங்கள் ஃபாஸ்டினாவை அடித்ததும் அதே மாதிரிக் கருவிகள்தான். விலை கொஞ்சம் கூடும், எழுத்து தேய்ந்தது கிடைத்தால் பரவாயில்லை, இடுக்கி மட்டும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.